போகிற வழியில் கார் நின்றுவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்காகத் தினமும் கார் ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் மூன்று முறை வண்டி நடுவழியில் நின்றிருக்கிறது. ஒரு முறை பேட்டரி, ஒரு முறை கிளட்ச், ஒரு முறை ஃப்யூயல் பம்ப். முதல் முறை நின்றபோது மேடவாக்கத்தில் வண்டிக்குப் பக்கத்திலேயே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன், வந்த மெக்கானிக் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வண்டியும் சரியாகவில்லை, அன்றைக்கு நான் இருந்தே ஆக வேண்டிய வேலையும் போனது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கார் நிற்பது ஒரு பிரச்சினை, நாம் போய்ச் சேர வேண்டியது இன்னொரு பிரச்சினை, இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டால் இரண்டுமே கெடும். அதற்குப் பிறகு நண்பர்களும் உடன் வேலை செய்கிறவர்களும் வண்டி நின்றால் எனக்குப் போன் செய்து கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையை வைத்து எழுதியது, அதிலும் எனக்கு நன்றாகத் தெரிந்த தென்சென்னைப் பக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

சாவியை உருவாதீர்கள். இதுதான் முதல் விஷயம். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் லாக் ஆகிவிடும், உருண்டுகொண்டிருக்கும் வண்டியைத் திருப்பவே முடியாது. இன்ஜின் நின்றவுடன் ஸ்டியரிங் கல் மாதிரி கனமாகும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். இரண்டுமே வேலை செய்யும், ஆனால் பலம் கொடுக்க வேண்டும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, வண்டி உருளுகிற வேகம் மிச்சம் இருக்கும்போதே இடதுபக்கம் ஒதுங்கப் பாருங்கள். நின்ற இடத்தில் செல்ஃப் அடித்து அடித்துப் பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். ஒதுங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒதுங்க இடமே இல்லை, நடு லேனில் நின்றுவிட்டது. வண்டிக்குள்ளேயே உட்காரலாமா?

வேண்டாம். ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்பு வைத்திருக்கும் இடங்களிலும், மேம்பாலங்களிலும் இது நடக்கும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் கார் நிற்கிறதா, மெதுவாகப் போகிறதா என்று கடைசி நொடிவரை தெரியாது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலதுபக்கம், அந்தக் கதவைத் திறந்தால் நேராகப் போக்குவரத்தில்தான் கால் வைக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்து, சந்தேகமாக இருந்தால் இடதுபக்க இருக்கைக்கு நகர்ந்து அந்தக் கதவு வழியாக இறங்குங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் இடதுபக்கமாகவே இறக்கி, சாலையைவிட்டுத் தள்ளி, முடிந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள்.

காரோடு கொடுத்த சிவப்பு முக்கோணம் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும். பலர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். நகருக்குள் என்றால் நன்றாகத் தள்ளி, நெடுஞ்சாலை என்றால் 50 மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வையுங்கள். வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்தால் பயன் இல்லை. மேம்பாலத்திலும் வளைவிலும் முக்கோணம் வைக்க நடப்பதே ஆபத்தாக இருந்தால் அதை விட்டுவிட்டு 112க்குப் போன் செய்து, வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லுங்கள். பக்கத்துச் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் இருந்தால் அவரிடமே சொல்வது இன்னும் வேகம், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஓரம் கட்ட அவர் உதவி செய்வார். எனக்குச் செய்திருக்கிறார்கள்.

காலையில் வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியா, வேறு ஏதாவதா?

சத்தத்தைக் கேளுங்கள். சாவியைத் திருப்பினால் டக், டக், டக் என்று மட்டும் வருகிறது, டாஷ்போர்டு விளக்கு மங்குகிறது, ஹாரன் முனகுகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியில் தப்பில்லை, பெட்ரோல் வரவில்லை அல்லது ஸ்பார்க் இல்லை. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தவுடன் பின் இருக்கைப் பக்கத்திலிருந்து இரண்டு நொடி ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும், அது ஃப்யூயல் பம்ப். அது கேட்கவே இல்லை என்றால் அங்கேதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். என் வண்டியில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

இவற்றுக்கு முன்னால் சின்ன விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் பி அல்லது என் நிலையில் இருக்கிறதா, பிரேக்கை அழுத்தியிருக்கிறீர்களா? மேனுவல் என்றால் கிளட்ச் முழுவதும் உள்ளே போகிறதா, அல்லது மிதியடி நகர்ந்து பெடலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா? பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், பல கார்களில் சாவியை அந்தப் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டே அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கிளாம்ப் ஆடினால், அதைத் துடைத்து இறுக்கினாலே சில சமயம் வண்டி கிளம்பிவிடும்.

பேட்டரி என்று முடிவானால் அதிகம் அலைய வேண்டாம். வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கும் பேட்டரிக் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன, பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கார் பேட்டரி மூன்று நான்கு வருடம் உழைத்தால் நல்ல உழைப்பு. அந்த வயது தாண்டியிருந்தால் சார்ஜ் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் எப்படிச் செய்வது? தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கேபிள் மாட்டும் வரிசை முக்கியம். சிவப்பு ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸ், மறுமுனை உங்கள் காரில் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியைவிட்டுத் தள்ளி. கடைசி முனையைச் செத்த பேட்டரியிலேயே மாட்டினால் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளக்கூடியது, அதனால்தான் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள். அடுத்த வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கிளம்பிய பிறகு கடைக்குப் போகும்வரை இன்ஜினை அணைக்காதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்சை மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் எத்தனை பேர் தள்ளினாலும் நடக்காது.

ஜம்ப் ஸ்டார்ட் செய்து கிளம்பிய வண்டி மறுபடி பத்து நிமிடத்தில் நின்றால், அல்லது ஓடும்போதே பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8லிருந்து 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும், 12 பக்கத்திலேயே நின்றால் புது பேட்டரி வாங்கியும் பயனில்லை. கடைக்காரரிடம் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

டிராஃபிக்கில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ஆபீஸ் இன்னும் நாலு கிலோமீட்டர்தான். ஓட்டிவிடலாமா?

ஓட்டாதீர்கள். அந்த நாலு கிலோமீட்டரில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும். உடனே ஒதுங்க முடியாவிட்டால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வையுங்கள். சென்னை வெயிலில் இது கொடுமைதான், ஆனாலும் இன்ஜினின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துவிடும். ஒதுங்கியதும் அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும், தீக்காயம் மோசமாக இருக்கும். அவசரத்தில் யாராவது "திறந்து தண்ணி ஊத்துங்க சார்" என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு குறைந்திருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி மெதுவாக அருகில் உள்ள ஒர்க்‌ஷாப் வரை போகலாம். நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மழைத்தண்ணீரில் இறங்கி நடுவில் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜினே போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இப்படிச் செலவு இழுத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

இன்சூரன்சிலும் இது வந்து நிற்கும். சாதாரண பாலிசியில் வெள்ளத்தால் வரும் சேதத்துக்குப் பணம் உண்டு, ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால் அது பின்விளைவுச் சேதம் என்று சொல்லி மறுப்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இதற்காகத்தான் இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் அதைப் போடாமல் விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பட்ட அனுபவம் அப்படி.

நின்ற இடத்தில் சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மேடான இடத்துக்குத் தள்ளச் சொல்லி, முடிந்தால் பேட்டரி மைனஸ் முனையைக் கழற்றி, போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்.

யாருக்கு முதலில் போன் செய்வது?

வண்டி புதிது என்றால் கம்பெனியே சில வருடத்துக்கு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் கொடுத்திருக்கும். பழையது என்றால் இன்சூரன்ஸ் பாலிசியில் அதைக் கூடுதல் கவராக எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பலருக்குத் தாங்கள் அதற்குப் பணம் கட்டியிருப்பதே தெரியாது. அந்த எண்ணை இன்றைக்கே போனில் சேமித்துவையுங்கள். நடுரோட்டில் பாலிசி காகிதத்தில் பொடி எழுத்தைத் தேடுவது மிகவும் கஷ்டம். எத்தனை கிலோமீட்டர்வரை இலவசமாகத் தூக்கிப் போவார்கள், வருடத்துக்கு எத்தனை முறை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில், உதாரணமாகச் செங்கல்பட்டு தாண்டி நின்றால், 1033. இது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர எண், ரோந்து வண்டியும் கிரேனும் அவர்களிடம் உண்டு. நகருக்குள் இருக்கும் சாலைகளுக்கு இது உதவாது. அடிபட்டிருந்தால் 108.

பழக்கமான மெக்கானிக் இருந்தால் அவருக்கும் ஒரு போன். அவர் வர முடியாவிட்டாலும் நீங்கள் சொல்கிற சத்தத்தையும் மணத்தையும் வைத்து, இது அங்கேயே தீருமா, தூக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவார். "அண்ணே, கியர் விழுது, ஆனா வண்டி நகரல, கருகின வாசனை வருது" என்று நான் சொன்னதுமே "கிளட்ச் பிளேட், தூக்கிட்டு வாங்க" என்றார். ஒரு மணி நேரம் மிச்சம்.

தூக்கிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி வரும்வரை நான் கூடவே நிற்க வேண்டுமா?

எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கார் தனியாக நிற்கிறதே என்று மனசு கேட்காது. என் கணக்கு இது: வண்டி பத்திரமான இடத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கிறது, உங்களுக்கு இன்று தள்ளிப்போட முடியாத வேலை இருக்கிறது என்றால், பூட்டிவிட்டுப் போங்கள். பக்கத்தில் பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, அடுக்குமாடிக் காவலாளி என்று யாராவது இருப்பார்கள், "அண்ணா, வண்டி நின்னுடுச்சு, மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லி உங்கள் எண்ணை எழுதி டாஷ்போர்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மதியமோ மாலையோ வந்து ரெக்கவரி வண்டியை அழைக்கலாம். வழியை அடைத்துக்கொண்டோ, நோ பார்க்கிங்கிலோ, நெடுஞ்சாலை ஓரத்திலோ நிற்கிறது என்றால் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அப்போது வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லி அவரை நிற்கவைக்கலாம்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை: நாலு பக்கமும் போட்டோ, கிலோமீட்டர் அளவும் பெட்ரோல் முள்ளும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. லேப்டாப், பணம், அப்புறம் சாவிக்கொத்தில் இருக்கும் வீட்டுச் சாவி, இவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் ஒருமுறை மறந்து ராத்திரி வீட்டு வாசலில் நின்றேன். ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், எலெக்ட்ரிக் வண்டிகளை முழுவதுமாக மேலே ஏற்றும் பிளாட் பெட் வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். கொக்கி போட்டு இழுத்தால் கியர்பாக்சோ மோட்டாரோ கெடும். போன் செய்யும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

சரி, வண்டியை விட்டாச்சு. இப்போது எப்படிப் போய்ச் சேருவது?

ஜி.எஸ்.டி. சாலையில் நின்றிருந்தால் கவலையே வேண்டாம். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று ரயில் பாதை சாலையை ஒட்டியே போகிறது, எங்கே நின்றாலும் ஒரு ஸ்டேஷன் நடக்கிற தூரத்திலோ ஆட்டோவில் ஐந்து நிமிடத்திலோ இருக்கும். காலை நேரத்தில் அந்தச் சாலையில் கார் போகிற வேகத்துக்கு ரயில் உங்களை முன்னாடியே கொண்டுபோய் விடும். விமான நிலையம், மீனம்பாக்கம் பக்கம் என்றால் மெட்ரோவும் இருக்கிறது, ஆலந்தூரில் மாறி கோயம்பேடு பக்கம் போகலாம்.

ஓ.எம்.ஆரின் வட முனையில் நின்றால் இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி பறக்கும் ரயில் நிலையங்கள் சாலையை ஒட்டியே இருக்கின்றன. அதற்குத் தெற்கே பஸ்தான். கோயம்பேட்டிலிருந்து கேளம்பாக்கம் பக்கம் போகும் 570, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வரும் 99, இரண்டையும் நான் அடிக்கடி பிடித்திருக்கிறேன். ஷேர் ஆட்டோவும் உண்டு. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை.

கேப் புக் செய்வதை எல்லாரும் முதலில் நினைப்பார்கள். காலை எட்டரைக்கு விலையும் அதிகம், புக் செய்தவர் ரத்து செய்துவிட்டுப் போவதும் அதிகம். முழுத் தூரத்துக்கும் கேப் தேடுவதைவிட, பைக் டாக்சியிலோ ஆட்டோவிலோ அருகில் உள்ள ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து ரயிலில் போவதுதான் என் அனுபவத்தில் வேகம். கையில் ஒரு சிங்காரச் சென்னை அட்டை பணம் போட்டு வைத்திருங்கள். மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும், கார் ஓட்டுகிறவர்கள் பர்ஸிலும் அது ஒன்று இருக்க வேண்டும்.

ஆபீஸில் எப்படிச் சொல்வது? சாக்கு சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ?

நடந்த கதையைச் சொல்லாமல் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "கார் நின்றுவிட்டது, பத்தே முக்காலுக்கு வந்துவிடுவேன், பத்து மணி மீட்டிங்கில் போனில் சேர்ந்துகொள்கிறேன்" என்று மூன்று வரி போதும், கூட ஒரு போட்டோ. எந்த நேரம் சொல்வது என்று குழப்பமாக இருந்தால் நீங்கள் நினைப்பதைவிட அரை மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். வண்டி நின்ற ஐந்து நிமிடத்துக்குள் சொல்வது முக்கியம். தாமதமான பிறகு சொன்னால்தான் சாக்கு மாதிரி தெரியும். தினக்கூலியிலும் ஷிஃப்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது சம்பளப் பிரச்சினை, அவர்கள் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திராமல் சூப்பர்வைசருக்கு நேராகப் போன் செய்வதே நல்லது.

குழந்தையைப் பள்ளியில் விடப் போகும்போது நின்றுவிட்டால்?

குழந்தையை முதலில் அனுப்புங்கள், காரைப் பிறகு பார்க்கலாம். அதே வகுப்பில் படிக்கும் பக்கத்துத் தெருக் குழந்தைகளின் பெற்றோர் இரண்டு பேர் எண்ணாவது உங்களிடம் இருக்க வேண்டும், அவர்கள் அந்தச் சாலையில்தான் வந்துகொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாத ஆட்டோவில் குழந்தையைத் தனியாக அனுப்ப வேண்டாம். மாலை கூட்டி வருவதற்கு யார் போகிறார் என்பதையும் காலையிலேயே பேசி முடித்து, பள்ளிக்கும் பெயர் சொல்லிவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு இது ஞாபகம் வந்து பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவில், பெண் தனியாக வரும்போது நின்றால்?

உருள முடிந்தால் இருட்டில் நிறுத்தாமல் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், ஓட்டல், மருத்துவமனை வாசல் வரை கொண்டுபோகப் பாருங்கள். போனில் இருப்பிடத்தை இரண்டு பேருக்காவது தொடர்ந்து தெரியும்படி பகிருங்கள். பத்திரமான இடமாகத் தெரியவில்லை என்றால் தயங்காமல் 112, பெண்களுக்கான உதவி எண் 181. ஏதாவது நடந்த பிறகுதான் அழைக்க வேண்டும் என்று இல்லை, வண்டி நின்று தனியாக இருக்கிறேன் என்பதே போதுமான காரணம். அந்த நேரத்தில் தானாக வந்து பானட்டைத் திறக்கச் சொல்கிறவரிடம் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "மெக்கானிக் வந்துட்டிருக்கார், நன்றி" என்று சொன்னால் போதும்.

ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். பத்து நாளும் கேப் என்றால் கட்டுப்படியாகாதே?

கட்டுப்படியாகாதுதான். முதல் நாள் மட்டும் கேப், இரண்டாவது நாளிலிருந்து ஒரு திட்டம் வேண்டும். மாநகரப் பேருந்தில் மாதம் 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது, ஏ.சி. இல்லாத பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ரயிலில் மாத சீசன் டிக்கெட் அதைவிடவும் மலிவு, பத்து நாளுக்கே எடுத்தாலும் தினம் டிக்கெட் வாங்குவதைவிட அலைச்சல் குறைவு. ஆபீஸில் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர் யார் என்று விசாரியுங்கள். பெட்ரோல் செலவில் பாதி கொடுங்கள், அவர் வேண்டாம் என்பார், அப்போதும் கொடுங்கள், பத்து நாள் என்பது சின்ன உதவி இல்லை.

நண்பர் காரை இரவல் வாங்கினால், உங்களிடம் செல்லுபடியாகும் லைசன்ஸ் இருக்கும்வரை அந்த வண்டியின் இன்சூரன்ஸ் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் பாலிசி தேதி முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். வாடகைக்கு எடுப்பதென்றால் கறுப்பு பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும் வண்டியை மட்டும் எடுங்கள், அதுதான் நீங்களே ஓட்டிக்கொள்ள அனுமதி பெற்ற வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏதாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது, முழுச் சுமையும் உங்கள்மேல் விழும்.

இந்தச் செலவை இன்சூரன்ஸில் வாங்க முடியாதா?

விபத்து, வெள்ளம், திருட்டு, தீ என்றால் வாங்கலாம். தானாகக் கெட்டுப்போன கிளட்ச், பேட்டரி, ஃப்யூயல் பம்ப் இவற்றுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடையாது. ஜீரோ டெப் (பார்ட்ஸின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) போட்டிருந்தாலும் கிடையாது, பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வண்டி கம்பெனி வாரண்டியில் இருந்தால் அங்கே கேளுங்கள்.

எஸ்டிமேட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஏமாற்றுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலான மெக்கானிக்குகள் நேர்மையானவர்கள், ஆனால் அவசரத்தில் இருக்கும் நம்மிடம் யாரும் விவரமாகப் பேச மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். பார்ட்ஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு, ஜி.எஸ்.டி. வரி சேர்த்தா சேர்க்காமலா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதியதற்கு மேல் எது செய்வதானாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், இதை ஆரம்பத்திலேயே சொன்னாலே பாதிப் பிரச்சினை வராது. விலை அதிகமாகத் தெரிந்தால் ஜி.பி. ரோடு கடைகளில் அதே பார்ட்டுக்கு விலை கேட்டுப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கிடைக்கும், கதவு, கண்ணாடி, பம்பர் மாதிரிப் பொருட்களுக்குச் சரி. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

டிக்கியில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஜம்பர் கேபிள், டார்ச், ஒரு லிட்டர் கூலண்ட், இரண்டு லிட்டர் தண்ணீர், கையுறை, குடை, போனுக்கு பவர் பேங்க். அப்புறம் ஸ்டெப்னியில் காற்று. இதை யாருமே பார்ப்பதில்லை. பஞ்சர் ஆன அன்று ஸ்டெப்னியும் சப்பையாக இருந்தால் ஜாக்கி இருந்தும் பயனில்லை. காற்று பிடிக்கும்போது ஐந்தாவது சக்கரத்துக்கும் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் மாற்றும்போது ஜாக்கி ஏற்றுவதற்கு முன்னால் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், வண்டி தூக்கிய பிறகு இறுகிய நட்டைத் திருகினால் சக்கரம்தான் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும்.

வண்டி சரியாகி வந்துவிட்டது. மறுநாளே ஆபீஸுக்கு எடுத்துப்போகலாமா?

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் ஏ.சி. போட்டு, கொஞ்சம் டிராஃபிக்கிலும் நிறுத்தி, முள் எங்கே நிற்கிறது, புதிதாக ஏதாவது விளக்கு எரிகிறதா, கழற்றி மாட்டிய இடத்தில் ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு நிறுத்தும் இடத்தில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் காலையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் தெரிந்துவிடும். சொட்டு இருந்தால் அந்த அட்டையையே எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் காட்டுங்கள். பஸ் பாஸில் நாள் மிச்சம் இருந்தால் அந்த வாரம் முழுக்க அதைப் பையிலேயே வைத்திருங்கள்.